எற்னா எரிமலையும் கணினி வரைந்த இடர்ப்படமும்

சிசிலித் தீவின் கிழக்குக் கரையில் 3,300 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் எற்னா, ஐரோப்பாவின் எரிமலைகளுள் ஓய்வு மிகக் குறைந்தவற்றுள் ஒன்றாகும். அதன் சீற்றங்கள் பற்றிய எழுத்துச் சான்றுகள் 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தைத் தழுவி நிற்கின்றன. அவற்றுள் பெரிதும் பேசப்படுவது 1669ஆம் ஆண்டின் சீற்றம். அவ்வாண்டு மார்ச் 11ஆம் நாள், மலையின் தென் சரிவில் நிக்கொலோசி என்னும் ஊருக்கு அண்மையில் நிலம் பிளந்தது. பிளவினின்று வெளிப்பட்ட இலாவா, அதாவது உருகிய பாறைக் குழம்பு, வழியிலிருந்த ஊர்களை மூடிக்கொண்டு ஏறக்குறைய 15 கிலோமீற்றர் கீழிறங்கிக் கற்றானியா நகரின் மதிலை அடைந்தது. மதிலைக் கடந்து நகரின் ஒரு பகுதியினுள்ளும், பின்னர்க் கடலினுள்ளும் புகுந்தது. கடலோரத்தில் நின்ற ஊர்சினோக் கோட்டையின் அகழி தூர்ந்தது. கோட்டை இன்றும் நிற்கின்றது. கடல்தான் அதனை விட்டுத் தூரச் சென்றுவிட்டது.

நகரத்தார் கைகட்டி இருந்தாரல்லர். டியேகோ பாப்பலார்டோ என்பவர் தலைமையில் ஏறக்குறைய ஐம்பதின்மர் நனைத்த மாட்டுத்தோலைப் போர்த்துக்கொண்டு இருப்புக் கருவிகளுடன் மேலேறினர். குழம்பு ஓடும்போது அதன் இரு மருங்கும் குளிர்ந்து இறுகிக் கரைகளாகிவிடும். அக்கரையை ஓரிடத்தில் அவர்கள் உடைக்கவே, குழம்பின் ஒரு கிளை வேறு திசையில் திரும்பியது. அத்திசையில் இருந்தது பற்றேர்னோ என்னும் ஊர். அவ்வூரார் ஆயுதந் தாங்கித் திரண்டு வந்து கற்றானியாவினரைத் துரத்தினர் என்றும், உடைப்பு விரைவில் தானே அடைபட்டது என்றும் வரலாறு கூறும். இலாவாவைத் திசைதிருப்ப மனிதர் செய்தனவாகப் பதிவுற்ற முயற்சிகளுள் இதுவே முதலாவது என்பர்.

இரு ஊரார் செயலிலும் நியாயம் இருந்தது. ஆனால் திரும்பிய கிளை உண்மையில் பற்றேர்னோ வரை சென்றிருக்குமா, இடைவழியில் உறைந்து நின்றிருக்குமா என்பதைச் சொல்ல வல்லார் அன்று எவருமிலர். அவ்வினாவிற்கு ஓரளவேனும் விடையளிக்கும் கலை அண்மைப் பத்தாண்டுகளிலேதான் உருப்பெற்றது. அதுவே கணினியில் இலாவாவின் ஓட்டத்தைப் போலச்செய்து பார்க்கும் முறையாகும்.

பள்ளம் நோக்கிப் பாய்வது நீருக்கும் இலாவாவிற்கும் பொதுவான இயல்பு, ஒற்றுமை அவ்வளவே. அடுப்பினின்று இறக்கிய பனம்பாகு ஆற ஆறத் தடித்து, ஈற்றில் ஓடாமல் நின்றுவிடுவதை அறியாதார் இலர். இலாவாவும் அத்தன்மையதே. எற்னாவின் குழம்பு வாயினின்று வெளிப்படும்போது அதன் வெப்பநிலை ஏறக்குறைய 1,100 பாகை செல்சியசு. வெப்பம் குறையுந்தோறும் அதன் பிசுக்குமை பன்மடங்கு பெருகும். அன்றியும், நீர் மிகச் சிறு சாய்விலும் ஓடும். இலாவாவோ தன்னை இழுக்கும் விசை ஓர் எல்லையைக் கடந்தாலன்றி அசையாது. ஆதலால் சமநிலத்தில் அது பரவி மெலிந்து போகாமல், தடித்த விளிம்புடன் நின்றுவிடுகிறது. வெப்ப இழப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. கதிர்வீசலால் இழக்கப்படும் வெப்பம் தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்கிற்கு விகிதசமமாகும். தனிவெப்பநிலை பாதியானால் இழப்பு பதினாறில் ஒன்றாகும். எனவே மேற்பரப்பு விரைவிற் குளிர்ந்து ஓடாகிவிட, அவ்வோடே உள்ளிருக்கும் குழம்பிற்குப் போர்வையாய் அமைகிறது.

இலாவா எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பெரிதும் முடிவு செய்வது, அது வெளிப்படும் வீதமே என்று 1973இல் ஜோர்ஜ் வோக்கர் என்னும் எரிமலை அறிஞர் எடுத்துக்காட்டினார். வேகமாக வெளிவரும் குழம்பு ஆறுமுன் நெடுந்தூரம் போய்விடும். மெதுவாகக் கசிவது வாயருகே குவியும். 1981 மார்ச்சில் எற்னாவின் வட சரிவில் நிகழ்ந்த சீற்றம் ஒரு வாரங்கூட நீடிக்கவில்லை. ஆயினும் குழம்பு 7 கிலோமீற்றருக்கு மேல் விரைந்து, ரன்டாசோ நகருக்கு அருகே வீதியையும் புகைவண்டிப் பாதையையும் அறுத்து, அல்கன்றாரா ஆற்றுப் பள்ளத்தாக்கை எட்டியது. மாறாக, 1991 டிசெம்பரில் தொடங்கிய சீற்றம் 473 நாள்கள் நீடித்தது. செக்கனுக்குச் சராசரி 6 கனமீற்றர் அளவிலேயே குழம்பு வெளிவந்தது. வோக்கரின் விதிப்படி அது வாயருகே தேங்கியிருத்தல் வேண்டும். ஆனால் குழம்பு தன்மேல் தானே கூரையமைத்துக் குகைவழியாகச் சென்றமையால் வெப்பம் குன்றாது சாபெரானா என்னும் ஊரின் எல்லையை அண்மியது. விதி பொய்த்தது எனக் கொள்ளலாகாது. குகை என்னும் புதுக்காரணம் இடையில் நுழைந்தது எனக் கொள்வதே பொருந்தும்.

இவற்றையெல்லாம் கணிதமாக்குவது எவ்வாறு? மலையின் நிலப்பரப்பைச் சதுரங்கப் பலகை போற் சிறு கட்டங்களாகப் பிரிப்பர். ஒவ்வொரு கட்டத்திற்கும் நிலத்தின் உயரம், அதன் மீதுள்ள இலாவாவின் தடிப்பு, வெப்பநிலை ஆகிய மூன்றும் குறிக்கப்படும். வாயாகக் கொள்ளப்படும் கட்டத்தில் குறித்த வீதத்தில் குழம்பைச் சேர்ப்பர். பின்பு ஒவ்வொரு கட்டமும் தன் அயற்கட்டங்களை நோக்கும். அயலது தாழ்வாயின், உயர வேறுபாட்டிற்கும் பிசுக்குமைக்கும் ஏற்ற அளவு குழம்பை அதற்கு ஈயும். அவ்வளவில் வெப்ப இழப்புக் கணிக்கப்பட்டு, கடிகாரம் ஒரு சிறு கணம் முன்னே நகர்த்தப்படும். இவ்வாறே கோடிக்கணக்கான முறை. அயலாரை மட்டும் அறிந்த கட்டங்கள் சேர்ந்து பெரியதோர் ஒழுங்கைத் தோற்றுவிக்கும் இக்கருத்தை முதலில் வகுத்தோருள் ஒருவர் கணித மேதையாகிய யோன் வொன் நியூமன். எரிமலையை அவர் எண்ணியிருக்கமாட்டார்.

இம்முறையில் ஒரு குறை தொடக்கத்திலேயே தோன்றியது. சமநிலத்தில் ஊற்றிய குழம்பு வட்டமாகப் பரவவேண்டியிருக்க, கணினியில் அது கட்டங்களின் திசையை ஒட்டிச் சதுரமாகப் பரவியது. அறுகோணக் கட்டங்களைக் கையாண்டு சிலரும், அயற்கட்டங்களை எழுந்தமானமாகத் தெரிவு செய்து வேறு சிலரும் அதனைத் திருத்தினர். திருத்தியதை நம்பலாமா என்று அறியும் வழியும் நேர்மையானது. முன்னர் நிகழ்ந்த ஒரு சீற்றத்தை எடுத்து, அதற்கு முந்திய நிலவடிவைக் கணினிக்குக் கொடுத்து, அது வரையும் பரப்பையும் உண்மையில் மூடுண்ட பரப்பையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பர்.

ஒரு சீற்றத்தின் போக்கைக் கணிப்பது ஒன்று. இனி வரக்கூடிய சீற்றங்கள் அனைத்திற்குமாக இடர்ப்படம் வரைவது வேறு. எற்னாவில் குழம்பு உச்சியில் மட்டும் வெளிப்படுவதில்லை. சரிவில் எவ்விடத்திலும் நிலம் பிளக்கலாம். ஆகவே சரிவு முழுவதிலும் வாயாகக்கூடிய ஆயிரக்கணக்கான புள்ளிகளைக் குறித்து, பழைய பிளவுகள் நெருங்கியிருக்கும் இடங்களுக்குக் கூடிய நிகழ்தகவும் ஏனையவற்றிற்குக் குறைந்த நிகழ்தகவும் அளிப்பர். ஒவ்வொரு புள்ளியிலும் குறுகியதும் நீண்டதும் சிறியதும் பெரியதுமான சீற்றங்களை ஓடவிட்டு, ஒவ்வொரு கட்டமும் எத்தனை முறை மூடுண்டது என்பதை அந்நிகழ்தகவுகளோடு பெருக்கிக் கூட்டுவர். இத்தாலிய அறிஞர் இவ்வாறு கணித்து 2013இல் வெளியிட்ட படங்கள் இரண்டு: சரிவுச் சீற்றங்களுக்கு ஒன்று, உச்சிச் சீற்றங்களுக்கு மற்றொன்று. கிழக்குப் புறத்திலுள்ள வாலே தெல் போவே என்னும் பெரும்பள்ளம் அதிக இடர் உடையதாகக் காணப்பட்டது. அங்கே குடியிருப்பார் இல்லை என்பது ஒரு நற்பேறு.

இப்படத்தைப் படிப்பதிற் பலர் இடறுவதுண்டு. இளநிறம் தீட்டிய ஊரில் இலாவா வாராது என்பது அதன் பொருளன்று; வருதல் அரிது என்பதே பொருள். மஸ்காலி என்னும் ஊர் மலையடியில், கடலுக்கு அணித்தாக இருந்தது. 1928 நவம்பரில் குழம்பு அவ்வளவு தாழ்ந்த இடத்திற்கும் இறங்கிவந்து, இரண்டொரு நாள்களில் அவ்வூரை ஏறத்தாழ முழுவதும் மூடியது. மேலும் நிகழ்தகவுகள் பழைய சீற்றங்களின் பதிவேட்டினின்றே பெறப்படுவன. கற்றானியாவின் பழைய பதிவாளர் காட்டிய அக்கறையை நோக்கினால், கணினியின் புகழிற் பாதி அவர்களைச் சேரும் எனலாம்.

திசைதிருப்பும் வினாவிற்கும் இம்முறை இன்று துணை செய்கிறது. 1992இல் சாபெரானாவைக் காக்க ஏறக்குறைய 20 மீற்றர் உயரமான மண்ணணை எழுப்பப்பட்டது; சில மாதங்களில் குழம்பு அதனை மேவிற்று. பின்னர் மே மாதத்தில் உயர்ந்த சரிவில் இயற்கைக் கால்வாயின் கரையை வெடிவைத்துத் தகர்த்து, வெட்டிய புதுக்கால்வாயினுள் குழம்பைத் திருப்பினர். திரும்பிய குழம்பு குடியற்ற பள்ளத்திற் சென்றமையால் 1669இன் சண்டை மீண்டும் எழவில்லை. இன்று அத்தகைய அணையைக் கட்டுமுன், கணினியின் நிலவடிவில் அதனை உயர்த்தி வைத்து ஓட்டத்தை மீண்டும் கணிக்கலாம். எந்த வீடு தப்பும் என்பதோடு, எந்தத் தோட்டம் புதிதாக அழியும் என்பதும் அப்போது தெரியவரும். பின்னையதை அறிந்தபின் அணை கட்ட ஆணையிடுவது முன்னிலும் கடினமான செயல்.

செய்மதிகள் அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் வெப்பத்தினின்று குழம்பு வெளிப்படும் வீதத்தை மதிப்பிட்டு, சீற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே கணிப்பைத் திருத்துவதும் இப்போது வழக்கிலுள்ளது. ஆனால் நிலவடிவு பழையதாயின் இவையெல்லாம் வீணாகும். சில மீற்றர் உயர வேறுபாடே ஓட்டத்தை ஒரு பள்ளத்தாக்கினின்று மற்றொன்றிற்கு மாற்றிவிடும். எற்னாவோ தன் வடிவைத் தானே மாற்றிக்கொண்டிருப்பது. 2021இல் அடுத்தடுத்து நிகழ்ந்த சீற்றங்களால் அதன் தென்கிழக்கு வாய் 3,357 மீற்றர் உயரமடைந்து, பல பத்தாண்டுகளாக மலையின் உச்சியாயிருந்த வடகிழக்கு வாயை மிஞ்சியது. அச்சீற்றங்களின் குழம்பு வாலே தெல் போவேயின் பள்ளத்தையும் மேலும் தூர்த்தது. அதனால் மலை மீண்டும் அளக்கப்பட்டு, கட்டங்களின் உயரங்கள் புதிதாக எழுதப்பட வேண்டியனவாயின.