கவிஞர் கையெழுத்துப் போட்ட புத்தகம்: முதலீடா, ஆசையா?

சென்னைப் புத்தகக் காட்சியில கவிஞர்கிட்ட கையெழுத்து வாங்கினதும் பலருக்கு வர்ற கேள்வி: "இது பின்னாடி நல்ல விலைக்குப் போகுமா?" இன்னிக்கு அதைக் கணக்கு போட்டே பார்த்துடலாம்.

மூணு வகை இருக்கு

1. வெறும் கையெழுத்து மட்டும் இருக்கிற பிரதி.

2. "அன்புடன் ரமேஷுக்கு"ன்னு பெயர் எழ்ுதிக் கொடுத்த பிரதி. வாங்குறவருக்கு ரமேஷ் யாருன்னே தெரியாது. அதனால இன்னிக்கு எழுதிட்டு இருக்கிற கவிஞர்கள் விஷயத்துல, முதல் வகைக்குத்தான் பெரும்பாலும் கிராக்கி.

3. அந்தப் பெயரே முக்கியமான ஆளா இருந்தா கதையே வேற. டி.எஸ். எலியட்டோட 'தி வேஸ்ட் லேண்ட்' 1922-ல புத்தகமா வந்துச்சு. அந்தக் கவிதையை வெட்டிச் சுருக்க உதவினவர் எஸ்ரா பவுண்ட். அவருக்குக் கொடுத்த பிரதியில எலியட் கையால எழுதின பாராட்டு, 1925-ல வந்த தொகுப்புல காணிக்கை வரியாவே அச்சாச்சு. இந்த மாதிரிப் பிரதிக்குத்தான் சேகரிப்பாளர்கள் பெரிய தொகை கொடுப்பாங்க.

இப்போ கணக்கு

ஒரு பழைய புத்தகக் கடையில ₹5,000 கொடுத்து கையெழுத்துப் பிரதி வாங்குறீங்கன்னு வச்சுப்போம். அதே பணத்தை 7% வட்டியில எஃப்டி போட்டா, 10 வருஷத்துல சுமார் ₹9,800 ஆகும் (வரிக்கு முன்னாடி). புத்தகத்தோட கடை விலையும் அதே 10 வருஷத்துல ₹10,000 ஆயிடுச்சுன்னே வைங்க. ஆனா நீங்க விக்கப் போனா, கடைக்காரர் தன் லாபத்தையும் பார்ப்பார். பாதி விலைக்குக் கேட்டார்னா உங்க கைக்கு வர்றது அதே ₹5,000 தான்! விலைவாசி ஏறினதைச் சேர்த்தா அதுவும் நஷ்டம்தான். நடுவுல வட்டி கிடையாது, அவசரத்துக்கு உடனே விக்கவும் முடியாது.

வாங்குறதுக்கு முன்னாடி பாருங்க

- கையெழுத்து பேனாவால போட்டதா, அச்சடிச்சதா? பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தா, அச்சுல சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியலாம்.
- கையெழுத்து புத்தகத்தோட பக்கத்துலயே இருக்கா, தனித்தாள்ல போட்டு ஒட்டினதா? ஒட்டினதுக்கு மதிப்பு குறைவு.
- முதல் பதிப்பா? மேலுறை நல்லா இருக்கா?
- பில், நிகழ்ச்சி போட்டோ எல்லாத்தையும் பத்திரமா வைங்க. நாளைக்கு அதுதான் ஆதாரம்.
- கிழிஞ்சா செலோடேப் ஒட்டாதீங்க. வெயில், ஈரம், பூச்சி படாம வைங்க.

அப்போ வாங்கலாமா?

தாராளமா வாங்கலாம். ஆனா எமர்ஜென்சி ஃபண்ட், இன்சூரன்ஸ், எஸ்ஐபி எல்லாம் போக, சினிமாவுக்கும் ஹோட்டலுக்கும் ஒதுக்குற பணத்துல வாங்குங்க. கிரெடிட் கார்டு இஎம்ஐ-ல வேண்டவே வேண்டாம். புத்தகக் காட்சியில புத்தக விலையை மட்டும் கொடுத்தா, கையெழுத்து இலவசமாவே கிடைக்கும். அங்கே தைரியமா உங்க பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்க. விக்கப் போறதில்லைன்னு முடிவு பண்ணிட்டா, உங்க பெயர் இருக்கிற பிரதிதானே உங்களுக்கு ஒசத்தி!