கணிப்பொறிக் கல்வியும் நம் பெண்மக்களும்

திருவனந்தபுரம் பூஜப்புரையில், லால் பகதூர் சாஸ்திரியின் பெயர் தாங்கிய பொறியியற் கல்லூரி ஒன்று பெண்களுக்கென்றே 2001ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. கணிப்பொறியியலும் அங்கு ஒரு பாடப்பிரிவு. இக்காலத்தில் பெண்களுக்குத் தனிக் கல்லூரி எதற்கு என நேயர்கள் வினவலாம்.

பழைய பொறியியல் துறைகளைப் பற்றியதாயின் விடை எளிது, கதவே அடைத்திருந்தது. சென்னைக் கிண்டிக் கல்லூரி பெண்களை ஏற்றதே 1940ஐ ஒட்டித்தான். அங்குப் பயின்ற பி. கே. தெரேசியா 1971இல் கேரளத்தின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். கணிப்பொறியோ நேற்று வந்தது. அடைத்துவைக்க அதற்குப் பழைய கதவு ஏது? ஆயினும் அங்கும் இடைவெளி தோன்றிற்று. தோன்றிய விதந்தான் வியப்பு.

அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டளவில் கணிப்பொறியியற் பட்டம் பெற்றவருள் 100க்கு 37 பேர் பெண்கள். கால் நூற்றாண்டுக்குள் அத்தொகை 18 அளவிற்குச் சுருங்கியது. பெண்களின் அறிவு குன்றிற்றா? இல்லை. 1980களில் வீடுகளுக்கு வந்த சிறு கணிப்பொறி பெரும்பாலும் பையனின் அறைக்கே சென்றது. விளம்பரங்களும் அவனையே நோக்கின. கல்லூரி புகுமுன்பே அவன் கைபழகியவன். அவளோ புதிதாகத் தொடுபவள். பழக்கத்தைத் திறமையென்று ஆசிரியரும் மயங்கினர், அம்மாணவியரும் மயங்கினர். பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் இதனை ஆராய்ந்து, முன்பழக்கம் இல்லாதார்க்கு வேறு தொடக்க வகுப்பு வகுத்தது. சேர்க்கை முறையையும் மாற்றியது. புதிதாகச் சேர்ந்தோருள் 1995இல் 100க்கு 7 பேராக இருந்த பெண்கள், 2000இல் 42 பேர் ஆயினர். ஐந்தே ஆண்டுகள்!

கேரளத்திலோ, 2001இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின் வழியே கணிப்பொறி பள்ளிக்கூடத்தைத் தேடி வந்தது. பள்ளியில் வைத்த பொறியின்முன் மாணவனும் மாணவியும் ஒருங்கே அமர்கின்றனர். இது பெரிய வேறுபாடு.

எனினும் வீட்டின் தீர்ப்பு வேறாக இருத்தல் கூடும். ஐ.ஐ.டி.களில் பெண்கள் பத்தில் ஒருவரினும் குறைவாக இருந்தமையால், 2018 முதல் அவர்களுக்கெனக் கூடுதல் இடங்கள் ஏற்படுத்தப்பட்டன. நுழைவுத் தேர்வுக்கு நெடுநாட் பயிற்சி வேண்டும். பலர்க்கு அது வெளியூர் விடுதி வாழ்வு. மகனை அங்கு அனுப்பும் பெற்றோரே மகளுக்கு அருகிலுள்ள கல்லூரி போதும் என்கின்றனர். உற்றார் உறவினரைப் பிரிந்து வேற்று மாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு இவ்வச்சம் சற்று மிகுதி, அதனைப் பழிப்பதற்கில்லை. வீட்டிலிருந்தே பேருந்தில் சென்று வரத்தக்க பூஜப்புரைக் கல்லூரி இந்நகரத்தார்க்கு ஓரளவு விடை. தொலைவில் கிடைக்கும் இடத்தை மகள் விரும்பினால் அது விடையாகாது. அண்ணனுக்கு இசைந்த வீடு அவளுக்கும் இசையுமா என்பதைச் சேர்க்கை நாள் வரும்வரை ஒத்திவையாமல், அவள் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே பேசி முடிவு செய்துகொள்வது நன்று.