பல இன வாத்துகளைச் சேர்த்து வளர்த்தல்

பல இனங்களைச் சேர்ந்த ஆண் வாத்துகளையும் பெட்டை வாத்துகளையும் ஒரே பட்டியில் அடைத்து வளர்க்கும் முறை, சிறிய அளவில் வாத்து வளர்ப்போரிடம் காணப்படுகிறது. தீவனச் செலவும் இடமும் மிச்சமாகும். ஆனால் அடுத்த தலைமுறை எந்த இனமாக இருக்கும் என்பது வளர்ப்பவர் கையில் இருக்காது.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களைப் போலக் கண்மாயும் நெல்வயலும் உள்ள பகுதிகளுக்கு வாத்து ஏற்ற பறவை. அறுவடை முடிந்த வயலில் சிந்திய நெல்லையும் நத்தையையும் புழுவையும் தின்றே பெரும்பாலும் வயிற்றை நிரப்பிக்கொள்ளும். இராஜபாளையத்தின் பெயரைத் தாங்கிய நாய்க்கு இந்திய அஞ்சல் துறை 2005இல் அஞ்சல்தலை வெளியிட்டது. அந்த நாயை வாங்குபவர் தாய் தகப்பனை விசாரிக்காமல் வாங்குவதில்லை. வாத்துக்கு அப்படி வம்சம் பார்ப்பவர் குறைவு.

இரண்டு வகைக் கலப்பு

வீட்டு வாத்துகளில் மஸ்கோவி தவிர மற்ற எல்லா இனங்களும் காட்டு வாத்தான மல்லார்டிலிருந்து வந்தவை. தமிழ்நாட்டின் நாட்டு வாத்துகளான சன்னியாசி, கீரி ஆகியவையும், காக்கி கேம்பல், வெள்ளை பெக்கின் போன்ற அயல் இனங்களும் இவற்றில் அடங்கும். இவை தமக்குள் கூடினால் பிறக்கும் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடும், இனம் பெருக்கும். காக்கி கேம்பலே ஒரு கலப்புதான்; இங்கிலாந்தில் 1900ஆம் ஆண்டையொட்டி, இந்தியன் ரன்னர், ருவான், மல்லார்டு ஆகியவற்றைச் சேர்த்து உருவாக்கப்பட்டது. எனவே கலப்பு எல்லாமே கேடு என்று சொல்ல முடியாது. அங்கே எதை எதனோடு சேர்ப்பது என்று ஒருவர் முடிவு செய்தார்; ஒரே பட்டியில் எல்லாவற்றையும் விட்டுவைத்தால் அதை ஆண் வாத்து முடிவு செய்கிறது. நாட்டு வாத்தின் தனித்தன்மை இப்படித்தான் சில தலைமுறைகளில் கரைந்துபோகும்.

மணிலா வாத்து என்றும் அழைக்கப்படும் மஸ்கோவி, தென் அமெரிக்க, நடு அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்த வேறொரு சிற்றினம். இது மற்ற வாத்துகளோடு கூடினால் குஞ்சு பிறக்கும். ஆனால் குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதையைப் போல அது மலடாக இருக்கும். தைவானிலும் பிரான்சிலும் இறைச்சிக்காக இக்கலப்பை வேண்டுமென்றே செய்கிறார்கள். முட்டைக்காக வளர்ப்பவருக்கோ, பெட்டை என்று நம்பி மாதக்கணக்கில் தீனி போட்ட குஞ்சு பயன் தராது.

அடைகாப்பிலும் சிக்கல் உண்டு. மற்ற வாத்து முட்டைகள் சுமார் 28 நாளில் பொரியும். மஸ்கோவி முட்டைக்கு சுமார் 35 நாள் வேண்டும். இரண்டையும் ஒரே கோழியின் கீழ் வைத்தால், முதலில் பொரித்த குஞ்சுகளோடு கோழி எழுந்து போய்விட, மீதி முட்டைகள் கெட்டுப்போகலாம்.

ஆண் வாத்துகளின் எண்ணிக்கை

காக்கி கேம்பல் போன்ற முட்டையின வாத்துகளில் 5 முதல் 7 பெட்டைகளுக்கு ஓர் ஆண் போதும். அதற்கு மேல் ஆண்கள் இருந்தால் பெட்டைகளைத் துரத்தித் துரத்தி மிதிக்கும். பெட்டையின் பிடரி இறகு உதிர்ந்து புண்ணாகும், தண்ணீரில் அமுங்கிச் சாவதும் உண்டு. உடல் அளவு வேறுபட்டால் ஆபத்து மிகுதி. மஸ்கோவி ஆண் 5 கிலோ வரை வளரும். காக்கி கேம்பல் பெட்டை 2 கிலோ அளவே இருக்கும். தனியாக விடப்பட்ட ஆண் வாத்து நாட்டுக்கோழிகள் மீதும் ஏறிக் காயப்படுத்தும் என்பதால், கோழிகளோடு சேர்த்து அடைப்பதும் நல்லதல்ல.

ஆணை அடையாளம் காண்பது எளிது. மல்லார்டு வழி வந்த ஆணுக்கு வால் மேல் சுருண்ட இறகு இருக்கும், குரல் கரகரக்கும். பெட்டைதான் உரக்கக் கத்தும். மஸ்கோவி ஆணுக்குச் சுருள் இறகு இல்லை. பெட்டையைவிட ஏறக்குறைய இரு மடங்கு பருமனையும் முகத்தின் சிவந்த சதையையும் கொண்டு அதை அறியலாம்.

இனம் பிரித்து வைத்தல்

பெட்டைகள் அனைத்தும் ஒன்றாக மேயலாம். ஆண்களைப் பிரிப்பதே முக்கியம். முட்டை விற்பனைக்கு மட்டும் வளர்ப்பவருக்கு ஆணே தேவையில்லை. ஆண் இல்லாமலும் பெட்டை முட்டையிடும். குஞ்சு எடுக்க வேண்டுமானால் ஒவ்வோர் இனத்தையும் அதன் ஆணோடு தனித்தனியே அடைக்க வேண்டும். அடைத்த மறுநாளே முட்டை சேகரிக்கக் கூடாது. பெட்டையின் உடலில் முந்தைய ஆணின் விந்தணு ஒன்றிரண்டு வாரம் உயிரோடு தங்கும் என்பதால், மூன்று வாரம் கழித்து இடும் முட்டைகளையே அடைக்கு வைப்பது பாதுகாப்பானது.