மீன் தொட்டியின் மேல் பசுஞ்சுவர் அமைத்தல்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய பக்கங்களில் முன்னர் நஞ்சையும் தோப்புமாயிருந்த நிலங்களிற் பெரும்பகுதி வீட்டுமனைகளாகிவிட்டது. பூவைத் தன் பெயரிலேயே தாங்கிய பூவிருந்தவல்லியிலுங்கூடக் கொல்லையில் செடி வைக்க இடம் தேடவேண்டியிருக்கிறது. சமீபத்திலுள்ள கொளத்தூரிலோ அநேகங் குடும்பத்தார் சிமெண்டுத் தொட்டிகளில் கப்பி, மொல்லி, பொன்மீன் முதலிய அலங்கார மீன்களைப் பெருக்கி விற்று ஜீவித்து வருகின்றனர். ஆகவே இப்பிரதேசத்து வீடுகளில் கண்ணாடி மீன் தொட்டி அபூர்வமான பொருளன்று. அத்தொட்டியின் ஜலத்தைக்கொண்டே அதன் மேற்புறத்தில் சுவரோரமாகச் செடிகளை வளர்ப்பது பசுஞ்சுவர் எனப்படும்.

இதன் தத்துவம் விவசாயிகளுக்குப் புதிதன்று. குட்டை ஜலத்தையும் ஏரி வண்டலையும் பெற்ற வயலில் பயிர் கறுத்துச் செழிப்பதை யாவரும் கண்டிருப்பர். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஜலத்திலும் கல்லிலும் ஒட்டி வாழும் ஒருவகை அணுஜீவிகள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அதனைப் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவ்வணுஜீவிகளை 1890-ம் ஆண்டில் விநோகிராட்ஸ்கி என்ற ருஷிய விஞ்ஞானி பிரித்தெடுத்துக் காட்டினார். நைட்ரேட்டோ செடிக்கு நேரான உணவாகும். பிரான்ஸ் தேசத்துத் தாவர நூலறிஞரான பாத்ரிக் பிளாங்க் இளம்பிராயத்தில் தம் மீன் தொட்டியின் ஜலத்தைச் சுத்தி செய்யும்பொருட்டுச் செடிகளின் வேரை அதனுள் தொங்கவிட்டுப் பார்த்தார். அதிலிருந்து வளர்ந்ததே, 1986-ல் பாரிஸ் நகரத்து விஞ்ஞானக் காட்சிசாலையில் அவர் அமைத்த செங்குத்துத் தோட்டம்.

அமைக்கும் விதமாவது: தொட்டியின் பின்னால் வீட்டுச் சுவரினின்றும் இரண்டு அங்குலம் தள்ளி, துருப்பிடியாத சட்டம் ஒன்றை நிறுத்தவேண்டும். இடைவெளியில் காற்று உலாவாவிடில் சுவர் ஓதம் பாய்ந்து காரை உதிர்ந்துவிடும். சட்டத்தின்மேல் நீர் புகாத பிளாஸ்டிக் பலகையும், அதன்மேல் இரண்டு மடிப்புக் கம்பளித் துணி போன்ற செயற்கை நார்த்துணியும் பொருத்துக. மேல் மடிப்பைக் கீறிப் பைபோலாக்கி, மண்ணை முற்றிலும் அலம்பிய செடியை வேருடன் அதில் செருகவேண்டும். தென்னைநார் மெத்தையும் உதவும். ஆனால் அதிலுள்ள உப்பும் சாயமும் நீங்கும்வரை பலமுறை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்த பின்னரே உபயோகிக்கலாம். தொட்டியில் மூழ்கவைத்த சிறு பம்பு ஜலத்தை மேலேற்ற, உச்சியிலுள்ள துளையிட்ட குழாய் வழியாக அது துணியில் கசிந்திறங்கித் தொட்டியிலேயே விழும். பலகையின் அடிவிளிம்பு தொட்டியின் வாய்க்கு உள்ளே முடிவது முக்கியம். ஒரு விரற்கடை வெளியே நின்றாலும் ஓரிரவில் தரை முழுவதும் நீராகிவிடும்.

மூன்றடி நீளமும் ஒன்றரையடி அகலமும் உயரமும் உள்ள தொட்டியில் சுமார் 190 லிட்டர் ஜலம் கொள்ளும். ஜலத்தின் எடை மாத்திரமே 190 கிலோ. சாதாரண மேஜை இதைத் தாங்காது. பம்பின் மின்கம்பி சுவரிலுள்ள பிளக்குக்குச் சேருமுன் கீழே வளைந்து தொங்குமாறு விடவேண்டும். அப்படிச் செய்தால் கம்பிவழி வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவு நேர்ந்தால் தானே அறுக்கும் கருவி இன்றி இவ்வேலையில் இறங்குவது கூடாது.

மணிபிளாண்ட், பெரணி, வசம்பு, வல்லாரை, வள்ளைக்கீரை ஆகியவை ஓயாத ஈரத்தைத் தாங்குபவை. சேம்பின் இனத்தைச் சேர்ந்த மணிபிளாண்டின் சாறு வாயில் பட்டால் எரிச்சலுண்டாகும். குழந்தைகளும் கன்றுகளும் எட்டாத உயரத்தில் அதை வைக்கவேண்டும். காலை வெயில் படும் கிழக்குப் பக்கம் உத்தமம். மேற்கு வெயில் விழுந்தால் தொட்டியில் பாசி பிடிக்கும், ஜலமும் கொதிப்பேறும். ஈரச்சுவரில் ஆவியாவதால் ஜலம் சற்றே குளிர்வதும், கசிந்து விழும்போது பிராணவாயு கலப்பதும் கோடையில் மீனுக்கு அனுகூலமே.

பலருடைய மீன்கள் சாவது அவசரத்தினால். பச்சைச் சாணத்தை அன்றே பயிருக்கு இடுவார் யாருமில்லை. அவ்வாறே புதுத் தொட்டியிலும் அணுஜீவிகள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். அதுவரை இரண்டொரு சிறு மீன்களை மட்டும் விட்டுக் குறைவாக இரை போடுக. ஜலத்தில் காரத்தன்மையும் உஷ்ணமும் ஏற ஏற அம்மோனியாவின் கொடுமையும் ஏறுமாதலால், வேனிற்காலத்தில் இப்பணியைத் தொடங்காதிருப்பது நலம்.

வயலில் கற்ற பழக்கமே இங்குச் சில சமயம் சத்துருவாகிறது. இலை வெளுத்தவுடன் யூரியாவைக் கரைத்து ஊற்றுவோர் உளர். அது சிதைந்து அம்மோனியாவாகி மீன்களைக் கொன்றுவிடும். பூஞ்சைக்குப் போர்டோக் கலவை தெளித்தாலும் அதிலுள்ள மயில்துத்தம் ஜலத்தில் இறங்கும். பூச்சி மருந்து எதுவும் ஆகாது. பூச்சி கண்ட இலையைக் கிள்ளி எறிவதே போதுமானது. மீன் இரையில் இரும்பும் சாம்பல் சத்தும் குறைவாதலின் இளந்தளிர் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தோன்றினால் அது இரும்புக் குறை என்று அறிக. அதற்குத் தழைச்சத்து இடுவது வீண்.

இனி ஜலம். பசுஞ்சுவர் ஆவியாக்கும் நீரை அடிக்கடி ஈடு செய்யவேண்டும். கடினமான ஆழ்துளைக் கிணற்று நீரையே ஊற்றி வந்தால் நீர் போய் உப்பு தங்கும். துணியில் வெள்ளை பூக்கும், இலை நுனி கருகும். தமிழ்நாட்டில் 2003 முதல் வீடுதோறும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பில் சிறிது தனியே பிடித்து வைத்தால் அதுவே இதற்குச் சிறந்தது. குளோரின் கலந்த குழாய் நீரை ஒருநாள் திறந்து வைத்தபின் விடலாம். செம்பரம்பாக்கம் ஏரி வறண்ட 2019-ம் வருஷம் போன்ற காலத்தில் தொட்டி ஜலத்தை அடிக்கடி மாற்ற எவராலும் இயலாது. செடிகள் நைட்ரேட்டை உறிஞ்சுவதால் மாற்றும் அளவு குறைகிறது. மாற்றியதையும் வீணாக்காமல் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றலாம். மீன் இல்லாத தாம்பாளத்தில் நீர் தேங்கினால் மட்டும் கொசுப்புழு உண்டாகும், அதைக் கவிழ்த்துவிடுக.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. வளர்த்து அலுத்த மீனையும், வெட்டிய கொடியையும் ஏரியில் கொண்டுபோய் விடுவோர் அதைத் தர்மமென்று எண்ணுகின்றனர். ஆகாயத்தாமரை அலங்காரச் செடியாகவே இந்தியாவுக்குள் வந்தது. இன்று அது எத்தனை ஏரிகளை மூடிக்கிடக்கிறதென்று சொல்லவேண்டுவதில்லை. தொட்டியின் பாசியைத் தின்பதற்கென்று விற்கப்படும் உறிஞ்சுவாய்க் கெளுத்தியும் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, வலைகளைக் கிழித்து, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துவருகிறது. செம்பரம்பாக்கம் சென்னைக்குக் குடிநீர் தருவது. வேண்டாத மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லவேண்டும். வெட்டிய கொடியை வெயிலில் சருகாகக் காயவைத்த பின்னரே எருக்குழியில் சேர்க்கவேண்டும். பச்சையாகப் போட்டால் மணிபிளாண்டின் ஒரு கணுவே குழி முழுவதும் படர்ந்துவிடும்.