மீன் தொட்டிக்குள் ஒரு கெமிஸ்ட்ரி லேப்!

ஞாயிற்றுக்கிழமை காலையில சென்னை கொளத்தூர் பக்கம் போயிருக்கீங்களா? எங்கே திரும்பினாலும் கலர் மீன் கடைகள்தான். ஊதிக் கட்டின பாலிதீன் கவருக்குள்ள கோல்டு ஃபிஷ், மோலி, கப்பி, ஏஞ்சல்னு வரிசையா தொங்கும். பைக் டேங்க் மேல கண்ணாடித் தொட்டியை வெச்சு, பின்னாடி உட்கார்ந்த ஃப்ரெண்ட் கையில ரெண்டு கவரோட பறக்கிற காலேஜ் பசங்களை வாரா வாரம் பார்க்கலாம். அதுல சில பேரை அடுத்த வாரமும் அதே கடையில பார்க்கலாம். முகத்துல ஒரு சோகம். ''அண்ணே, நீங்க கொடுத்த மீன் எல்லாம் செத்துப்போச்சுண்ணே!''

அண்ணன் ஒரு நீலக் கலர் மருந்து பாட்டிலைக் கொடுப்பார். கூடவே நாலு புது மீன். அடுத்த வாரம் அதே சோகம், அதே டயலாக்!

இதுல யார் மேல தப்பு? பெரும்பாலும் மீன் மேலயும் இல்லை, கடைக்காரர் மேலயும் இல்லை. தண்ணி மேல. ''எங்க வீட்டுத் தண்ணி கண்ணாடி மாதிரி பளிச்னு இருக்கே பாஸ்''னு சண்டைக்கு வராதீங்க. மேட்டரே அங்கதான் இருக்கு. புதுத் தொட்டியில மீனைக் கொல்ற ஆசாமிக்கு நிறமே கிடையாது. பேரு, அமோனியா.

மீன் சாப்பிட்டதுல இருக்கிற நைட்ரஜன் கழிவுல பெரும்பகுதி அதோட செவுள் வழியா அமோனியாவா தண்ணிக்குள்ள போகுது. மிச்சம் விட்ட தீனி அழுகினாலும் அமோனியாதான். ஏரி, ஆத்துல இது ஒரு பிரச்னையே இல்லை. நம்ம தொட்டி எவ்வளவு? ரெண்டடிக்கு ஒரு அடி, ஒரு அடி உயரம்னா, முழுசா ரொப்பினாலே 56 லிட்டர் சொச்சம்தான். கல்லு, பொம்மை, மேலே விட்ட இடைவெளி எல்லாம் போனா 45 லிட்டர் தேறும். ரெண்டரை குடம் தண்ணிக்குள்ள எட்டு மீன் சாப்பிட்டு, தூங்கி, 'போயி'க்கிட்டு இருக்கு. ஹாஸ்டல் பாத்ரூம்லயே நமக்கு மூச்சு முட்டுது... அதுங்க பாவம்ல?

இந்த அமோனியாவைத் தின்னு தீர்க்க பாக்டீரியாக்கள் இருக்கு. ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டா மாத்தும். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். நைட்ரைட்டும் விஷம்தான். மீனோட ரத்தத்துல ஆக்சிஜன் தூக்கிட்டுப் போற வேலையைக் கெடுத்து, ரத்தத்தையே பழுப்பு நிறமா ஆக்கிடும். கடைசியா வர்ற நைட்ரேட் ரொம்ப சாது. அளவு மீறாம பார்த்துக்கிட்டா போதும். 1890 வாக்குலயே செர்கேய் வினோகிராட்ஸ்கிங்கிற ரஷ்ய விஞ்ஞானி இந்த பாக்டீரியாக்களைப் பிரிச்சு எடுத்துக் காட்டிட்டார். 'ரெண்டாவது வேலையைச் செய்றது நைட்ரோபாக்டர்'னுதான் பல மீன் புத்தகங்கள்ல இன்னிக்கும் இருக்கும். ஆனா, தொட்டிகள்ல அதைச் செய்றது பெரும்பாலும் நைட்ரோஸ்பைராங்கிற வேற ஆளுன்னு 1990-கள்லயே கண்டுபிடிச்சாச்சு. நைட்ரோஸ்பைரா குடும்பத்துல சிலது ரெண்டு வேலையையும் தனியாளா முடிக்கும்னு 2015-ல தெரிஞ்சது. நம்ம சிலபஸ் மாதிரிதான், மீன் புத்தகமும் லேட்டாதான் அப்டேட் ஆகும்!

சிக்கல் என்னன்னா, புதுத் தொட்டியில இந்த ஆளுங்க யாருமே இல்லை. ஃபில்டர் ஸ்பான்ஜ்லயும் கல்லுலயும் ஒட்டிக்கிட்டு மெதுவா வளரணும். மத்த பாக்டீரியா அரை மணி நேரத்துல ரெண்டு மடங்காகும்னா, இதுங்களுக்கு அரை நாள், ஒரு நாள்கூட ஆகும். முதல் வாரம் அமோனியா ஏறும். அது இறங்க ஆரம்பிக்கும்போது நைட்ரைட் ஏறும். அதுவும் இறங்கி ஜீரோ ஆக மொத்தம் மூணுல இருந்து ஆறு வாரம். நம்ம ஊர் சூட்டுல கொஞ்சம் சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். நாமதான் தொட்டி வாங்கின அன்னிக்கு சாயங்காலமே ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டிடுறோமே!

வெள்ளைத் தண்ணி வில்லன்

என் கிளாஸ்மேட் ஒருத்தன் தங்கச்சி பிறந்த நாளுக்கு இப்படித்தான் ரெண்டடித் தொட்டி வாங்கிக் கொடுத்தான். தங்கச்சி நாலாவது படிக்கிறா. எட்டு மீன், எட்டுக்கும் பேர் வெச்சாச்சு. நாலாவது நாள் தண்ணி பால் கலந்த மாதிரி வெள்ளையாச்சு. வீட்டுல எல்லாரும் பதறி, மொத்தத் தண்ணியையும் கொட்டி, கல்லையும் ஸ்பான்ஜையும் குழாயடியில வெச்சு 'நல்லா' கழுவி, புதுத் தண்ணி ரொப்பினாங்க. ரெண்டு நாள்ல மூணு மீன் மிதந்தது. திரும்பக் கழுவினாங்க. இன்னும் மூணு. அந்தக் குட்டி சாப்பிடும்போது தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார ஆரம்பிச்சுட்டா. ''மிச்சம் ரெண்டு மோலிதான்டா இருக்கு, அதுவும் போச்சுன்னா அவ என்கிட்ட பேசவே மாட்டா''ன்னு லேப்ல வந்து நின்னான்.

அந்த வெள்ளை மேகம் வில்லனே இல்லை. அது வேற ஜாதி பாக்டீரியா. தீனி, கழிவைத் தின்னு திடீர்னு பெருகும், சில நாள்ல தானா அடங்கிடும். அதைப் பார்த்து பயந்து குழாய்த் தண்ணியில ஸ்பான்ஜைக் கழுவினா, அப்பதான் குடியேற ஆரம்பிச்ச நல்லவங்க குளோரின்ல காலி. மறுபடி முதல் நாள்ல இருந்து ஸ்டார்ட்!

அப்புறம் நடந்தது சிம்பிள். ஹாஸ்டல்ல ஒரு சீனியர் ரெண்டு வருஷமா தொட்டி வெச்சிருக்கார். அவரோட அழுக்கு ஸ்பான்ஜ்ல பாதியை வெட்டி, அவர் தொட்டித் தண்ணியிலயே நனைச்சு, கவர்ல போட்டு ஒரே ஓட்டமா கொண்டுபோய் இவன் ஃபில்டர்ல வெச்சோம். பல மருந்து பாட்டிலைவிட இந்த அழுக்குதான் பவர்ஃபுல். (ஒரு கண்டிஷன்... கொடுக்கிறவர் தொட்டியில நோய் இருக்கக் கூடாது.) தினமும் கால்வாசித் தண்ணி மாத்தணும், ஒரு வேளை மட்டும் சிட்டிகை தீனி. டெஸ்ட் கிட்ல சொட்டு விட்டுப் பார்க்கிற வேலையைத் தங்கச்சியே எடுத்துக்கிட்டா. அமோனியாவுக்கு மஞ்சள்னா நல்லது, பச்சைன்னா ஆபத்து. நைட்ரைட்டுக்கு நீலம்னா நல்லது, ஊதான்னா ஆபத்து. ஒரு நோட்டுல தேதி போட்டு, டெஸ்ட் டியூப்ல வந்த கலரை க்ரேயான்ல தீட்டி வெச்சா பாருங்க... எங்க ரெக்கார்டு நோட்டெல்லாம் பிச்சை எடுக்கணும்! 24-வது பக்கத்துல ரெண்டு கட்டமும் மஞ்சள், நீலம். ரெண்டு மோலியும் உயிரோட. அடுத்த மாசம் கல்லு இடுக்குல கடுகு சைஸ்ல குட்டிங்க வேற!

ஆர்.ஓ. தண்ணி ஆபத்தா?

'குடிக்கிற தண்ணியே ஊத்துறேன்'னு பாசத்துல ஆர்.ஓ. தண்ணி ஊத்துற பார்ட்டிங்க இருக்காங்க. இங்கேதான் நம்ம இன்ஜினீயரிங் மூளையைக் கொஞ்சம் தட்டணும். பாக்டீரியா ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனை மாத்தும்போது கிட்டத்தட்ட 7 மில்லிகிராம் காரத்தன்மையைச் சாப்பிடும். சிவில், கெமிக்கல் பசங்களுக்கு 'ஆல்கலினிட்டி'ன்னா புரியும். ஆர்.ஓ. தண்ணியில அது ஏறக்குறைய கிடையாது. விளைவு? பி.ஹெச். சரசரன்னு இறங்கும். 6-க்குக் கீழே போனா பாக்டீரியா வேலைநிறுத்தம். அமோனியா சேர்ந்துக்கிட்டே இருக்கும், ஆனா அந்த பி.ஹெச்-ல அது அம்மோனியம் அயனியா மாறி சாதுவா படுத்திருக்கும். மீனும் நீந்திட்டு இருக்கும். திடீர்னு ஒருநாள் உங்களுக்கு ஞானோதயம் வந்து ரெண்டு பக்கெட் போர் தண்ணி ஊத்துவீங்க. பி.ஹெச். 8-க்கு எகிறும், படுத்திருந்த அமோனியா எழுந்துக்கும். 25 டிகிரியில பி.ஹெச். 7-ஆ இருந்தா மொத்த அமோனியாவுல அரை சதவிகிதம் சொச்சம்தான் விஷ ரூபத்துல இருக்கும். 8 ஆனா அதுவே 5 சதவிகிதம் தாண்டும். சூடு ஏற ஏற இன்னும் கூடும். 'தண்ணி மாத்தினேன், மீன் செத்துடுச்சு'ங்கிற மர்மக் கதைகள்ல பலதுக்கு இதான் க்ளைமாக்ஸ்.

ஆர்.ஓ.தான் கிடைக்கும்னா போர் தண்ணியோட கலந்து ஊத்துங்க. இல்லைன்னா பீச்ல பொறுக்கின கிளிஞ்சலை நல்லா கழுவி, வெந்நீர்ல போட்டெடுத்து, ஒரு கைப்பிடி ஃபில்டர்ல போடுங்க. மெதுவா கரைஞ்சு காரத்தன்மையைக் கொடுக்கும். வெறும் போர் தண்ணின்னா மோலி, கப்பிக்கு ஜாலி. அதுங்களுக்கு உப்புச் சப்பு இருக்கிற கடினத் தண்ணிதான் பிடிக்கும். டெட்ரா வகையறா வேணாம், நொந்துபோகும். மெட்ரோ வாட்டர்ல குளோரின் இருக்கும். அகலமான பக்கெட்ல பிடிச்சு, ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் விட்டா போயிடும். அவசரம்னா 'ஆன்டி குளோரின்'னு கடையில விக்கிற சோடியம் தயோசல்ஃபேட். ஃபிலிம் ரோல் காலத்து போட்டோ ஸ்டுடியோவுல 'ஹைப்போ'ன்னு வெச்சிருப்பாங்களே, அதேதான். லாரித் தண்ணியா? அது எந்த ஊர் கிணறோ... ஒவ்வொரு லோடுக்கும் டெஸ்ட் பண்ணித்தான் ஊத்தணும்.

டெஸ்ட் கிட் வாங்கினா மீனைவிட விலை ஜாஸ்தின்னு தோணும். நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து ஒண்ணு வாங்குங்க. அமோனியா, நைட்ரைட், பி.ஹெச். இந்த மூணுக்கு மட்டும் போதும். கடினத்தன்மை, காரத்தன்மைக்குக் காசே வேணாம். ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி லேப்ல இ.டி.டி.ஏ. சொட்டுச் சொட்டா விட்டு, ஒயின் ரெட் எப்போ நீலமாகும்னு கண்ணு பூத்துப் பார்த்துட்டு இருந்தோமே, ஞாபகம் இருக்கா? அந்தக் கடினத்தன்மை டெஸ்ட்டுக்கு வாழ்க்கையில கிடைச்ச ஒரே உருப்படியான யூஸ் இதுதான். லேப் அசிஸ்டென்ட் அண்ணாகிட்ட ஒரு பாட்டில் தண்ணியோட போய் நில்லுங்க. 'பரவாயில்லையே, தானா வந்து டைட்ரேஷன் பண்றானே'ன்னு அவரே ஆச்சர்யப்படுவார்!

மீனே இல்லாத மீன் தொட்டி

இன்னும் மீன் வாங்கலைன்னா நீங்க லக்கி. தொட்டி, ஃபில்டர், கல்லு எல்லாம் செட் பண்ணி, ஃபில்டரை ஓட விட்டு, மீனுக்குப் பதிலா அமோனியாவை நாமே போடலாம். அம்மோனியம் குளோரைடு... நம்ம பாட்டிகளுக்கு 'நவச்சாரம்'னு சொன்னா தெரியும், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவங்க வெச்சிருப்பாங்க. தொட்டிக்கு அது வேணாம், சுத்தமான லேப் கிரேடுதான் சரி. 50 லிட்டர் தண்ணியில லிட்டருக்கு 2 மில்லிகிராம் அமோனியா வரணும்னா மொத்தம் 100 மில்லிகிராம் அமோனியா. அம்மோனியம் குளோரைடா கணக்குப் போட்டா சுமார் 315 மில்லிகிராம். போட்டுட்டு டெஸ்ட் பண்ணிக்கிட்டே இருங்க. அமோனியா தீரும்போதெல்லாம் திரும்பப் போடுங்க. போட்ட அமோனியா ஒரே நாள்ல காணாமப் போய், நைட்ரைட்டும் ஜீரோன்னா தொட்டி ரெடி. பாதிக்கு மேல தண்ணியை மாத்திட்டு மீனை விடலாம். வெயிட் பண்ற நாலஞ்சு வாரமும் வெறும் தண்ணியைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கிறது செம போர்தான். வீட்டுல கேலி பண்ணுவாங்க. பண்ணட்டும்!

ஏற்கெனவே மீன் உள்ளே இருக்கா? மோலி, பிளாட்டி, ஜீப்ரா மாதிரி தாக்குப்பிடிக்கிற ஆளுங்க ரெண்டு மூணோட நிறுத்திக்குங்க. அமோனியாவோ நைட்ரைட்டோ லிட்டருக்கு கால் மில்லிகிராமைத் தாண்டினா அன்னிக்கே கால்வாசித் தண்ணி மாத்துங்க. நைட்ரைட் ஏறுற சமயம் 10 லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு போட்டா மீனுக்குப் பெரிய ரிலீஃப். உப்புல இருக்கிற குளோரைடு, செவுள் வழியா நைட்ரைட் உள்ளே நுழையுறதை மறிக்கும். அந்த நீலக் கலர் மருந்து பெரும்பாலும் மெத்திலீன் ப்ளூ. பூஞ்சைக்கு நல்லதுதான், ஆனா நம்ம ஃபில்டர் பாக்டீரியாவையும் பதம் பார்க்கும். மருந்து தேவைன்னா மீனைத் தனி டப்பாவுல விட்டுப் போடுங்க.

கரன்ட் கட் ஆனா ஃபில்டரும் கட். பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேணும், மூச்சு முட்டிப் போயிடும். பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி வெச்சா நிம்மதி. மாத்துற தண்ணியைக் கொட்டிடாதீங்க, அதுல இருக்கிற நைட்ரேட் செடிக்கு உரம். 2019 கோடையில சென்னையோட ஏரிகள் வறண்டு, குடத்தோட லாரிக்கு நின்ன ஊர்க்காரங்க நாம. கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊத்தினா அம்மாவோட எதிர்ப்பும் பாதி குறையும். ஒரு மணி பிளான்ட் கொடியை வேர் மட்டும் தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி தொங்கவிட்டா அதுவும் நைட்ரேட்டை உறிஞ்சும்.

கடைசியா, 'டேங்க் கிளீனர் போடுங்க தம்பி, அழுக்கெல்லாம் தின்னுடும்'னு கறுப்பா வாயில உறிஞ்சி ஒட்டுற மீன் ஒண்ணைக் கொடுப்பாங்க. அது பாசியைத் தின்னும், அமோனியாவைத் தின்னாது. அதுவே ஒரு அமோனியா ஃபேக்டரி. ரெண்டு இஞ்ச்ல வாங்கினது ஒரு அடிக்கு மேல வளரும். அப்புறம் என்ன பண்றதுன்னு தெரியாம ராத்திரியோட ராத்திரியா ஏரியில கொண்டுபோய் விடுறவங்க இருக்காங்க. இப்படிப் போனதுங்கதான் கிழக்கு கொல்கத்தா ஈரநிலம் வரைக்கும் பெருகி, மீனவர்களோட வலையைக் கிழிச்சுட்டு இருக்கு. வளர்ந்துடுச்சுன்னா வாங்கின கடைக்கே எடுத்துட்டுப் போங்க. சில கடைகள்ல வாங்கிக்குவாங்க. காசு மட்டும் திருப்பிக் கேட்டுடாதீங்க!