பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஓர் அணு

வீரசோழன் பக்கம் அம்மன் பொங்கலுக்கு வள்ளி திருமணம் நாடகம் போடும் ராத்திரிகளில், கண்மாய்க்கரைப் பொட்டலுக்குப் பெட்ரோமாக்ஸ் லைட்டுதான் வெளிச்சம். லைட்டுக்காரர் புது மேண்டில் கட்டும்போது சிறுவர்கள் நாங்கள் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். குட்டித் துணிப்பையை நூலால் இறுக்கிக் கட்டுவார். முதல் தீயில் துணி முழுக்க எரிந்துபோகும். பையின் உருவம் மட்டும் வெள்ளைச் சாம்பலாக நிற்கும். பம்ப் அடிக்க அடிக்க, புஸ்ஸென்ற இரைச்சலோடு கண் கூசும். விரல் பட்டால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். ‘வைதேகி காத்திருந்தாள்’ (1984) படத்தில், இது எப்படி எரிகிறது என்று கேட்டுத்தான் செந்தில் மேண்டிலை உடைப்பார். நல்ல கேள்வி அது.

சாம்பல் என்று நாங்கள் நினைத்தது தோரியம் ஆக்சைடு. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுர் 1891-ல் பக்குவம் கண்ட கலவையில் நூற்றுக்கு 99 பங்கு அது, மீதி ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு. சுமார் 3,300 டிகிரி செல்சியஸ் வரை தோரியம் ஆக்சைடு உருகாது. தீயின் சூட்டை வாங்கி வெண்ணிற ஒளியாகத் தருவது இந்தக் கலவைதான்.

அணு என்பது மாறாதது என்று, டால்டன் காலத்திலிருந்து ஏறக்குறைய நூறாண்டு நம்பினார்கள். அந்த நம்பிக்கையை உடைத்ததும் இதே தோரியம்தான். அது கதிர்வீசுவதை 1898-ல் ஷ்மிட்டும் மேரி கியூரியும் தனித்தனியே கண்டார்கள். பிறகு கனடாவின் மான்ட்ரியலில், தோரியத்திலிருந்து ஒரு வாயு கசிவதை ரூதர்ஃபோர்டு கவனித்தார். அதன் கதிர்வீச்சு ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் பாதியானது. அடுத்த நிமிடத்தில் அதிலும் பாதி. கூட எடுத்தாலும் குறைய எடுத்தாலும் இதே கணக்கு. அரை ஆயுள் என்று இன்று நாம் படிப்பது இதைத்தான். 1902-ல் அவரும் உடன் ஆய்வு செய்த சாடியும் துணிந்து சொன்னார்கள்: ஒரு தனிமத்தின் அணு தானாகவே வேறொரு தனிமத்தின் அணுவாகிறது. அணுக்கருவை ரூதர்ஃபோர்டு சொன்னது அதற்கும் பிறகு, 1911-ல். அந்த அணுக்கருவைக் காட்டிய தங்கத்தகட்டுச் சோதனைக்குப் பள்ளிப் புத்தகங்கள் தரும் இடத்தில் பாதியையாவது இந்த வாயுவுக்குத் தரவேண்டும் என்பது என் ஆசை.

அது, தோரியத்துக்காக மேண்டில் தொழில் பிரேசில் மணலை நம்பியிருந்த காலம். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்க்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் உள்ள மோனசைட்டைக் கண்டார். தேடிக்கொண்டு அவர் வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. இன்றும் அங்கே மணல் அள்ளிப் பிரிக்கிறார்கள்.

அந்த மணலை நம்பித்தான் ஹோமி பாபா 1954-ல் மூன்று கட்ட அணுமின் திட்டத்தை வகுத்தார். தோரியம் நேரடியாக எரிபொருள் ஆகாது. ஒரு நியூட்ரானை விழுங்கி, வாரக்கணக்கில் மெல்ல மாறி, யுரேனியம்-233 ஆக வேண்டும். அந்த யுரேனியத்தில் இயங்கும் ‘காமினி’ உலை 1996-லிருந்து கல்பாக்கத்தில் இருக்கிறது. 30 கிலோவாட்தான். ராக்கெட்டின் வெடிபாகங்களைப் பிரிக்காமலே, நியூட்ரானால் ஊடுருவிப் படம் எடுக்க உதவுகிறது.

பல நாடுகளில் மேண்டிலுக்குத் தோரியத்தை விட்டுவிட்டு இட்ரியத்துக்கு மாறிவிட்டார்கள். பரணில் பழைய லைட் கிடந்தால், உடைந்த மேண்டிலை ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்துக் கையைக் கழுவுங்கள். தோரியத்தின் ஆல்ஃபா கதிர் தோலைத் தாண்டாது. தூசி நுரையீரலுக்குள் போய்த் தங்கினால்தான் கெடுதல். எங்கள் லைட்டுக்காரர் வாயால் ஊதித்தான் தட்டுவார். அவருக்கு யாரும் சொல்லவில்லை.