போரணை இல்லாமலே அன்னாசிக் கேக்

பிள்ளையின் பிறந்த நாள் என்றால் இப்போது தோட்டத்திலும் கேக் வெட்டாமல் முடிவதில்லை. டவுனுக்குப் போய் ஐசிங் பூசிய கேக் ஒன்றை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு பத்திரமாக வந்து சேருகிறோம். கையில் காசு இல்லாத மாதத்தில் கடையில் கடன் சொல்லியோ, சம்பள முற்பணம் எடுத்தோ வாங்குகிறவர்களும் உண்டு. ஒரு மணி நேரத்தில் தின்று முடிகிற பண்டத்துக்கு அடுத்த சம்பளத்திலும் வெட்டு விழுகிறது. 2022ஆம் ஆண்டில் மா, முட்டை, பால்மா எல்லாம் விலை ஏறியபோது, பிள்ளையின் பிறந்த நாளைச் சொல்லாமலே விட்ட வீடுகளும் இருந்தன.

வீட்டிலேயே கேக் அடிக்கலாமே என்று சொன்னால் தாய்மார் முதலில் கேட்பது இதுதான்: "சேர், எங்க காம்பராவுல போரணையா இருக்கு? அடுப்புல வச்சா அடி கருகிப் போகாதா?"

நியாயமான கேள்வி. சாதாரண கேக்குக்கு மேலும் கீழும் ஒரே அளவான சூடு வேண்டும். நமது அடுப்பிலோ கீழிருந்துதான் சூடு அதிகம் வரும். ஆனால் கீழ்ச்சூட்டையே தனக்குச் சாதகமாக்கிக் கொள்கிற ஒரு கேக் இருக்கிறது. அதுதான் கவிழ்த்துப் போடுகிற பழக்கேக்.

அடியில் இருப்பதே அழகு

இந்தக் கேக்கில் பாத்திரத்தின் அடியில் மாஜரினும் சிவப்புச் சீனியும் போட்டு, அதன்மேல் பழத்துண்டுகளை அடுக்கி, அதற்கும் மேலே கேக் கலவையை ஊற்றுகிறோம். வெந்தபின் தட்டில் கவிழ்த்தால் அடி மேலே வந்துவிடும். சீனி உருகிப் பாகாகி, பொன்னிறமாகப் பழத்தின்மேல் மினுமினுக்கும். கேக் கலவை சூடான அடியில் நேராகப் படுவதில்லை. நடுவில் இருக்கும் பழத்தின் ஈரம் அதைக் கருகாமல் காக்கிறது. அடி சிவப்பது மற்றக் கேக்குக்குக் குறை, இதற்கு அதுவே அழகு. ஐசிங் செலவும் இல்லை.

இது அமெரிக்காவில் பெயர்பெற்ற பலகாரம். அங்கும் முற்காலத்தில் நல்ல போரணை வசதியில்லாத வீடுகளில் கனமான இரும்புச் சட்டியில் அடுப்பின்மேல் வைத்தே இவ்வகைக் கேக் செய்தார்கள். ஹவாய்த் தீவில் அன்னாசியைத் தகரத்தில் அடைத்து விற்கத் தொடங்கிய பிறகு அன்னாசிக் கேக் பிரபலமானது. 1925ஆம் ஆண்டில் அங்குள்ள அன்னாசிக் கம்பனி சமையல் குறிப்புப் போட்டி வைத்தபோது, ஏராளமானோர் இந்தக் கேக்கின் செய்முறையையே அனுப்பினார்கள். ஆகவே இது அடுப்படியில் பிறந்த கேக். நமது அடுப்படிக்கு அந்நியமானதல்ல.

தேவையானவை

தராசு தேவையில்லை. 200 மில்லிலீற்றர் பிடிக்கும் ஒரு தேத்தண்ணீர்க் கோப்பையை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசிவரை அதே கோப்பைதான்.

அடிக்கு: மாஜரின் 3 மேசைக்கரண்டி, சிவப்புச் சீனி அரைக் கோப்பை, சிறிய அன்னாசியில் பாதி.

கலவைக்கு: கோதுமை மா 2 கோப்பை, சீனி 1 கோப்பை, மாஜரின் 125 கிராம் (250 கிராம் பக்கெற்றில் பாதி), முட்டை 2, பால் முக்கால் கோப்பை, பேக்கிங் பவுடர் மட்டமாக 2 தேக்கரண்டி, வனிலா 1 தேக்கரண்டி.

அன்னாசி கிடைக்காவிட்டால் வாழைப்பழம் நான்கைந்து போதும். வெலிமடை, நுவரெலியா பக்கத்தில் உள்ளவர்கள் பேரிக்காய் காலத்தில் அதைப் போடலாம். பால்மா கரைத்த பாலும் சரி, பசும்பாலும் சரி.

பொருட்களை ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. ஒரு கிழமை சீனி, மறு கிழமை மா என்று சேர்த்து வைத்தால் கை கடிக்காது. முட்டையும் பழமும் மட்டும் கடைசியில் வாங்குங்கள்.

செய்யும் முறை

1. பெரிய கனமான சட்டியொன்றின் அடியில் கழுவிக் காயவைத்த மணலை ஓர் அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். மூடி, மெல்லிய நெருப்பில் 15 நிமிடம் சூடாக்குங்கள். இதுதான் நமது போரணை.

2. அதற்குள் அடங்கக்கூடிய எட்டு அல்லது ஒன்பது அங்குல அலுமினியப் பாத்திரத்தில் அடிக்குரிய மாஜரினை உருக்கி, சிவப்புச் சீனியைத் தூவி இறக்குங்கள். பிளாஸ்டிக் கைபிடி உள்ள பாத்திரம் வேண்டாம்.

3. அன்னாசியின் தோல், கண், நடுத்தண்டு நீக்கி, அரை அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். வேறொரு சட்டியில் ஐந்து நிமிடம் வதக்கி, தண்ணீரை வற்றவிட்டு அடுக்குங்கள். பச்சையாகப் போட்டால் தண்ணீர் விட்டு, கேக்கின் நடு களியாகிவிடும். வாழைப்பழத்துக்கு வதக்கல் வேண்டாம்.

4. மாஜரினையும் சீனியையும் மரக்கரண்டியால் வெண்மையாக வரும்வரை அடியுங்கள். இந்த அடியில்தான் காற்று உள்ளே போகிறது. கை வலித்தால் வீட்டு ஆம்பிளைகளிடம் கொடுங்கள், அவர்களும் அடிக்கட்டும்! முட்டைகளைத் தனித்தனியே ஒரு கோப்பையில் உடைத்துப் பார்த்து, ஒவ்வொன்றாகச் சேருங்கள். வனிலாவையும் விடுங்கள்.

5. மாவையும் பேக்கிங் பவுடரையும் இரண்டு தடவை அரித்து, பாலுடன் மாறி மாறிச் சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள். மா போட்டபின் பலமாக அடித்தால் கேக் இறுகிப் போகும்.

6. கலவையைப் பழத்தின்மேல் ஊற்றி, சூடான மணலின்மேல் வைத்து மூடுங்கள். விறகடுப்பானால் கொழுந்துவிட்டு எரியக்கூடாது. கவ்வாத்து மிலாறு எரிந்து விழுந்த தணல் நல்லது. தகர மூடியின்மேலும் கொஞ்சம் தணல் போட்டால் மேற்புறம் சிவக்கும். காஸ் அடுப்பில் மிகக் குறைந்த நெருப்பில் வைக்கலாம்.

7. முதல் அரை மணி நேரம் மூடியைத் திறக்காதீர்கள். திறந்தால் குளிர் காற்றுப் பட்டு நடு அமுங்கிவிடும். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும். சுத்தமான ஈர்க்கொன்றைக் கேக் பகுதியில் குத்திப் பாருங்கள். மா ஒட்டாமல் வந்தால் பதம்.

8. இறக்கி, ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுங்கள். ஓரத்தைக் கத்தியால் விடுவித்து, மேலே தட்டை வைத்து, கனமான துணியால் பிடித்துக் கவிழுங்கள். அதிக நேரம் விட்டால் பாகு இறுகி அடியில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் பாத்திரத்தின் அடியை ஒரு நிமிடம் சூடு காட்டிவிட்டு மறுபடி கவிழுங்கள்.

மலைக்கு ஏற்ற அளவு

"கொழும்புல அடிச்சா நல்லா வருது, இங்க அடிச்சா நடுவுல குழி விழுதே" என்று சிலர் சொல்வதுண்டு. அதற்குக் காரணம் உயரம். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. பேக்கிங் பவுடரிலிருந்து வரும் வாயு அளவுக்கு மீறி விரிந்து, கேக் சடாரென்று பொங்கிப் பின் அமுங்கிவிடும். நுவரெலியா 6000 அடிக்கு மேற்பட்டது. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பேக்கிங் பவுடரை ஒன்றரைத் தேக்கரண்டியாகக் குறைத்து, கலவைச் சீனியில் 2 மேசைக்கரண்டி குறைத்து, பாலை 2 மேசைக்கரண்டி கூட்டுங்கள். ஹட்டன், பண்டாரவளை போன்ற 4000 அடிப் பகுதிகளில் பேக்கிங் பவுடரைச் சிறிதளவு குறைத்தால் போதும். குளிரில் மாஜரின் கல்லுப்போல இருக்கும். முட்டையையும் மாஜரினையும் கொஞ்ச நேரம் அடுப்படி ஓரத்தில் வைத்துவிட்டு அடியுங்கள்.

கவனம்! கவனம்!

கேக்கைவிட இதுதான் முக்கியம். தயவுசெய்து தாண்டிப் போகாமல் வாசியுங்கள்.

உருகிய சீனி கொதிநீரைவிடப் பல மடங்கு ஆபத்தானது. சூடு அதிகம், தோலிலும் ஒட்டிக்கொள்ளும். பாகு காய்ச்சும்போதும் கேக் கவிழ்க்கும்போதும் சிறு பிள்ளைகள் அடுப்படியில் நிற்கக்கூடாது. யாருக்காவது சுட்டுவிட்டால் உடனே ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, எண்ணெய், கோப்பித்தூள் எதுவும் பூச வேண்டாம். கொப்புளம் போட்டால் தோட்ட டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போங்கள்.

அடுத்தது தணல். கேக் வெந்ததும் மீந்த தணலைக் குளிருக்காகக் காம்பராவுக்குள் கொண்டுபோய், கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு படுக்கிற பழக்கம் உயிரையே வாங்கிவிடும். தணலிலிருந்து காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு வருகிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் தூங்கியபடியே மயங்கிப் போவார். ஆகவே கதவும் ஜன்னலும் திறந்திருக்கும் அடுப்படியிலோ வெளியிலோ கேக் செய்யுங்கள். முடிந்ததும் தணலைத் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். லயத்தில் ஒரு காம்பராவில் நெருப்புப் பிடித்தால் அடுத்த காம்பராவுக்கும் பரவும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பங்கிட்டுச் சாப்பிடுங்கள்

இந்தக் கேக்கைப் பன்னிரண்டு துண்டுகளாக வெட்டலாம். சீனி வருத்தம் உள்ள பெரியவர்களுக்கு ஒரு சின்னத் துண்டுக்கு மேல் வேண்டாம். பழத்தின் ஈரம் இருப்பதால் அதிக நாள் வைக்க முடியாது. அன்றோ மறுநாளோ சாப்பிட்டு முடியுங்கள்.

முதல் தடவையே பிறந்த நாளன்று செய்து பார்க்க வேண்டாம். இரண்டு மூன்று வீட்டார் பொருட்களைப் பங்குபோட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து செய்து பழகுங்கள். ஒவ்வொரு அடுப்பின் சூடும் ஒரு மாதிரி. எவ்வளவு தணலில் எத்தனை நிமிடம் வைத்தீர்கள், என்ன செலவானது என்பதைப் படிக்கிற பிள்ளையிடம் சொல்லி ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தக் கணக்கை டவுன் கேக்கின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மிச்சப்படுகிற காசு பிள்ளைக்கு ஒரு ஜோடி சப்பாத்துக்கோ, பாடசாலைக் கொப்பிக்கோ ஆகும்.

கடன் வாங்கிக் கொண்டாடினால்தான் பிறந்த நாள் என்றில்லை. அம்மாவும் அப்பாவும் சேர்ந்து அடித்த கேக்கை வெட்டுகிற பிள்ளைக்கு அந்த நாள் நன்றாகவே நினைவிருக்கும். செய்து பாருங்கள், பக்கத்துக் காம்பராவுக்கும் சொல்லிக் கொடுங்கள்.